ஏகாம்பரத்துக்கு நான் போட்ட நாற்காலி

பெற்றோரைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவழைப்பது எப்படி என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள், ஆர்வமாகத்தான் கேட்கிறீர்கள். ஆனால் தப்பான ஆளிடம் வந்திருக்கிறீர்கள். எனக்கு வரவழைக்கத் தெரியும். ஒரு வருஷம் எங்கள் வட்டாரத்திலேயே என் பள்ளியில்தான் பெற்றோர் கூட்டம் நிரம்பி வழிந்தது. அந்த வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. அதைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியதை நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் பின்பாதி அது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நகராட்சித் தொடக்கப்பள்ளிக்கு என்னைத் தலைமையாசிரியையாகப் போட்டார்கள். பள்ளி என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. வாடகைக்கு எடுத்த ஓட்டு வீடு. ஐந்து வகுப்பு, நாலு ஆசிரியர்கள். இரண்டு பக்கமும் எதிரிலும் தறி போட்ட வீடுகள். நாங்கள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதே தறிச் சத்தத்தோடு போட்டி போட்டுத்தான். அதற்கு முன்பு நான் பக்கத்துக் கிராமமான ஓரிக்கையில் வேலை பார்த்தவள். அங்கே பெற்றோர் வேண்டிய மட்டும் வருவார்கள். ஆட்டை ஓட்ட ஆள் இல்லையென்றால் வகுப்பு வாசலில் வந்து நின்று பையனைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே என் தலைமையாசிரியர், மனிதர் அதிகம் பேசமாட்டார், ஒரே ஒரு முறை சொன்னார்: "அம்மா, பெத்தவங்க எதுக்கு வர்றாங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடி, வரலைன்னா ஏன் வரலைன்னு போய்ப் பார்த்துட்டு வாங்க." நான் தலையாட்டினேன். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு பெற்றோர்கூட எட்டிப்பார்க்கவில்லை. அந்தச் சமயத்தில் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வேறு வந்தது. பெற்றோர் ஒத்துழைப்பைப் பெருக்க வேண்டும், மாதம் ஒரு கூட்டமாவது போட வேண்டும், அதைப் பள்ளி வேலை நேரத்திலேயே நடத்த வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும். எனக்கு வயது முப்பத்தைந்து. செய்து காட்டிவிட வேண்டும் என்ற வெறி.

முதலில் பிள்ளைகள் கையில் சீட்டுக் கொடுத்து அனுப்பினேன். "பெற்றோர் தவறாமல் பள்ளிக்கு வரவும்" என்று அழகான கையெழுத்தில் நானே உட்கார்ந்து எழுதினேன். மறுநாள் பாதிப் பிள்ளைகள் முதுகில் தடிப்போடு வந்தார்கள். "டீச்சர் கூப்பிடுறாங்கன்னா நீ இன்னாவோ பண்ணிட்டிருக்கே" என்று வீட்டில் முதலில் உதை, பிறகுதான் விசாரணை. வந்த இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுகொண்டு, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சரம்மா, நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களைப் பொறுத்தவரை அதுதான் ஒத்துழைப்பு.

அடுத்து எனக்கு ஒரு மேதாவித்தனமான யோசனை தோன்றியது. அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்குக் கூட்டம் வைத்தால் எல்லாரும் வருவார்கள் அல்லவா? வைத்தேன். நாலு பேர் வந்தார்கள். மற்றவர்கள் காலையில் கோயிலுக்குப் போனார்கள், மத்தியானம் படுத்துத் தூங்கினார்கள். மாதம் முழுக்கத் தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறவன் கிடைத்த ஒருநாள் ஓய்வை எனக்கு ஏன் தரவேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாது என்று ஆசிரியர் அறையில் கத்தினேன்.

கடைசியில் நானே வீடு வீடாகப் போனேன். அப்படிப் போனபோதுதான் ஏகாம்பரம் அகப்பட்டார். எங்கள் பள்ளிக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்த நெசவாளர். அவருடைய பெண் தனம் எங்களிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தாள். படிப்பில் கெட்டி. பதினாறாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலாகச் சொல்வாள். "ஆறாவதுல கணக்கு இங்கிலீஷ்ல வருமா டீச்சர்?" என்று என்னை வழிமறித்துக் கேட்பாள். பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகவேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. அந்தத் தெருவில் ஐந்தாவதுக்கு மேல் போன பெண் அதுவரை யாரும் இல்லை. ஐந்தாவது முடிந்ததும் தறி, அதற்கப்புறம் கல்யாணம். தனத்தையாவது ஆறாவதில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். தெருவில் ஒரு பெண் போய்விட்டால் பின்னால் பத்துப் பெண்கள் போவார்கள் என்று கணக்கு.

நான் போனபோது ஏகாம்பரம் தறியில் இருந்தார். எதிர்ப்பக்கம் அவர் மனைவி குப்பம்மா. இந்த ஊர்ப் பட்டுப்புடவையில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் வரும். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். அதற்கு, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓட வேண்டும். நெய்கிறவருக்கு இருப்பது இரண்டு கை. அதனால் ஓரத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னோர் ஆள் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் எழுந்தால் இருவருக்கும் வேலை நின்றுபோகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். இந்த ஊரில் பிறந்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் அதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஏகாம்பரம் பேசுகிறவர். நாடா ஓடிக்கொண்டே இருக்கும், வாயும் ஓடிக்கொண்டே இருக்கும். உலக விஷயம் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருந்தது. நான் கூட்டத்தைப் பற்றிச் சொன்னதும் தறியை நிறுத்திவிட்டார்.

"நீங்க ஏன்மா தெருத்தெருவா அலைஞ்சிக்கினு இருக்கீங்க? ஆளுங்களை இட்டாறது எம்பொறுப்பு. சொல்ற விதமா சொன்னா வருவானுங்க."

"நீங்களே பெற்றோர் சங்கத்துக்குத் தலைவரா இருங்களேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! எனக்கே சந்தோஷமாக இருந்தது. சூட்டோடு சூடாக ஒரு வாக்கும் வாங்கிக்கொண்டேன். "ஆனா தனம் ஆறாவது போகணும். தலைவரே பொண்ணை நிறுத்திட்டா நல்லா இருக்காது."

"அதெப்படிம்மா நிறுத்துவேன்? தலைவர் பொண்ணு படிக்கலைன்னா ஊரு சிரிக்காதா?"

எதிர்ப்பக்கத்தில் குப்பம்மா நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது மறுபடியும் தறி ஓடும் என்று காத்திருந்தாள். நான் அவளைப் பார்த்து ஒப்புக்குச் சிரித்துவிட்டு வந்தேன். அவளிடம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. என் சீட்டில் எழுதியிருந்தது பெற்றோர், ஆனால் என் மனசில் இருந்தது அப்பன் மட்டும். நானும் ஒரு பெண்தான், என்ன செய்ய?

சொன்னபடி ஏகாம்பரம் செய்தார். அடுத்த கூட்டத்துக்குக் கூடம் நிறைய ஆட்கள். ஆடி போய் ஆவணி வந்தபோது வாசலிலும் நிற்க ஆரம்பித்தார்கள். நான் அவருக்கு என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டேன். அவர் எழுந்து நின்று பேசினால் எனக்கே இன்னும் கொஞ்சம் கேட்கலாம் போலிருக்கும். "பசங்களைத் தறியில குந்த வச்சிக்கினு, அவன் உருப்படலை உருப்படலைன்னு பொலம்பினா எப்படிய்யா உருப்படுவான்?" என்பார். கூட்டம் தலையாட்டும். வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டத்தை நான் பெருக்கினேன். மற்ற நாட்களிலும் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பட்டியலை அவர் வாங்கிக்கொண்டு காலை வேளையில் தெருவைச் சுற்றி வருவார். மற்றவர்கள் கூட்டத்தில் தலையைக் காட்டிவிட்டுத் தறிக்கு ஓடிவிடுவார்கள். தலைவர் ஓட முடியுமா? தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்டு, பாக்கிப் பேச்சையும் பேசி முடிக்கும்வரை இருப்பார்.

வருகை கூடியது. தறியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் திரும்பி வந்தார்கள். அதை நான் மறைக்கவில்லை. அந்த ஆள் செய்த நல்ல காரியம் அது. பள்ளிகளின் துணை ஆய்வாளர் காதுக்கும் விஷயம் எட்டியது. மார்கழியில் ஒருநாள் மத்தியானக் கூட்டத்தை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். நான் தரையில் நடக்கவில்லை.

மார்கழி என்றால் எங்கள் ஊரில் என்ன காலம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். தை பிறந்தால் கல்யாணம். அதற்குள் முகூர்த்தப் புடவைகளை நெய்து தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும். தறிக்கு ஓய்வே கிடையாது. அந்த மாதத்தில் வாராவாரம் கூட்டம் போட்டவள் நான்.

அன்றைக்குக் கூடத்துக்கு மாவிலை எல்லாம் கட்டியிருந்தோம். துணை ஆய்வாளர் நடு நாற்காலியில். ஒருபக்கம் நான், ஒருபக்கம் ஏகாம்பரம். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. எழுந்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். துணை ஆய்வாளர் மேசைமேல் இருந்த வருகைப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் ஒரு சலசலப்பு. பார்த்தால் குப்பம்மா. இடுப்பில் கைக்குழந்தை. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, வேலைக்கு நடுவில் எழுந்து வந்தவள் மாதிரி நிற்கிறாள்.

"டீச்சரம்மா, அவரை அனுப்பிடுங்க. தறி நிக்குது."

கூடத்தில் சிரித்தார்கள். ஏகாம்பரத்தின் முகம் சுண்டிப்போயிற்று. "ஏ, போ வூட்டுக்கு!" என்று அதட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஐந்து மாத உழைப்பைப் பார்க்க அதிகாரி வந்திருக்கும் நேரத்தில் இந்த அம்மாள் இப்படியா வருவாள்? நான் எழுந்துபோய் அவள் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துக்கொண்டு போனேன்.

"இதைச் சொல்றதுக்கு இதுதானா நேரம்? பொண்ணு படிப்புக்காகத்தானே அவர் இங்க உட்கார்ந்திருக்கார்?" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "யாரு பொண்ணு படிப்புக்கு?"

"தனம் படிப்புக்குத்தான்."

"தனம் எங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"வகுப்புல."

"தறியில குந்திக்கினு இருக்குது. அப்பன் எப்ப வருவாருன்னு பாத்துக்கினு." அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. "முன்னயெல்லாம் விடியக்காலம் அது குந்தும், பள்ளிக்கூட நேரத்துக்கு நான் குந்துவேன், சாயங்காலம் மறுபடி அது குந்தும். ஒரு மாதிரியா ஓடிக்கினு இருந்துச்சி. நீங்க இவரைத் தலைவராக்கினீங்க. இவரு இங்க வந்து குந்திக்கிறாரு, தெருவைச் சுத்துறாரு, நின்ன வேலையை மறுநா புடிக்கணும்னு பகலெல்லாம் நிறுத்தாம ஓட்டுறாரு. நான் ஒருத்தி எத்தனை எடத்துல குந்துறது? அடுப்பாண்ட குந்துறதா, நாடாவுக்குத் தார் நூல் சுத்துறதா, இந்தப் புள்ளைக்குப் பால் குடுக்கிறதா? அதான் தனத்தை நிறுத்திக்கிறாரு. மொதல்ல வாரத்துல ரெண்டு நாளு, மூணு நாளு. இந்த மாசம் அது பள்ளிக்கூடத்துக்கு வந்ததே இல்லைம்மா. இனிமே அவரைக் கூட்டாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

ஐந்தாம் வகுப்புப் பதிவேட்டில் தனத்துக்கு ஒருநாள்கூட விடுப்பு இல்லை. அதை மாதாமாதம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான். வகுப்புக்குள் போய் அந்தப் பெண் இருக்கிறாளா என்று பார்க்கத்தான் எனக்கு நேரம் இருக்கவில்லை. கூட்டத்துக்கு ஏற்பாடு செய்வதே சரியாக இருந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். துணை ஆய்வாளர் ஐந்தாம் வகுப்புப் பதிவேட்டைக் கையில் வைத்திருந்தார். "தலைவருடைய பெண் ஒரு நாள்கூடத் தவறவில்லை. இதுவல்லவா முன்மாதிரி!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். கைதட்டினார்கள். "அந்தக் குழந்தையைக் கூப்பிடுங்கள். நாலு கேள்வி கேட்போம்."

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் துரைசாமி சுவர் ஓரமாக நின்றிருந்தார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. அன்றைக்கும் அவளுக்கு வருகை போட்டிருந்தார். ஏகாம்பரம் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் பதிவேடு பொய் என்று ஆகும். பதிவேடு பொய் என்றால் தனத்துக்கு வருகை நாள் போதாது. தேர்ச்சி கிடையாது. ஐந்தாவதிலேயே இன்னொரு வருஷம் என்றால் அந்த வீட்டில் அவளை அனுப்பமாட்டார்கள். அவ்வளவுதான், ஆறாவது போச்சு. இவ்வளவையும் அந்த ஒரு நிமிஷத்தில் நான் நினைத்தேன் என்றுதான் பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டேன். கூடவே என் வேலைக்கும் பேருக்கும் பயந்தேன். எதற்கு எவ்வளவு என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

"இப்போதுதான் வீட்டுக்கு அனுப்பினேன் ஐயா, உடம்பு சரியில்லை. அவள் அம்மா வந்ததைப் பார்த்தீர்களே, போகும்போது அவளையும் அழைத்துக்கொண்டு போனாள்" என்றேன்.

என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது! உண்மையைச் சொல்ல வந்தவளை என் பொய்க்குச் சாட்சியாக்கிவிட்டேன். துணை ஆய்வாளர் "அடடா, பாவம்" என்றார். கூட்டம் முடிந்து, காப்பி குடித்து, எங்கள் பள்ளியை மற்றப் பள்ளிகள் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தயவுசெய்து இதை ஒரு சாமர்த்தியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அவர் போனதும் துரைசாமியைப் பிடித்துக்கொண்டேன். மனிதர் நல்லவர், அப்பாவி. "தலைவர் பொண்ணுக்கு எப்படி டீச்சர் ஆப்சென்ட் போடறது? போட்டா உங்களுக்குத்தானே சங்கடம்? நீங்க அந்த மனுஷனை எவ்வளவு பாடுபட்டுப் பிடிச்சீங்க!" என்றார். என்மேல் இருந்த மரியாதையில் செய்திருக்கிறார். எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. இனி ஒருநாள்கூட இல்லாததை இருப்பதாகப் போடக் கூடாது என்று மட்டும் சொன்னேன். பழையதைத் திருத்தவில்லை. அந்தப் பொய்களுக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

மறுநாள் காலை பள்ளி மணிக்கு முன்பே ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் தனம். என்னைப் பார்த்ததும் நாடாவைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இனிமே வாரக் கூட்டம் இல்லை. மாசக் கூட்டமும் இல்லை. நீங்க பள்ளிக்கு வர வேண்டாம்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்?"

"தனம் எத்தனை நாளா வரலை?"

அவர் துணியை விரலால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "தை வரைக்கும்தான்னு நெனச்சேன். முகூர்த்தப் புடவை போனதும் அனுப்பிடலாம்னு. வாத்தியாரும், பரவாயில்லை, நான் போட்டுக்கிறேன்னாரு."

"ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிட்டு உங்க பிள்ளையை..." என்று ஆரம்பித்தேன். நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் போயிருந்தேன்.

"நீங்கதானே கூப்பிட்டீங்க" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "எங்கப்பன் காலத்துலேருந்து இந்தக் குழியில குந்திக்கினு இருக்கோம். முதலாளி வூட்டுக்குப் போனாலும் நின்னுக்கினுதான் பேசணும். நீங்க ஒரு நாற்காலி போட்டீங்க. அதிகாரிங்க பக்கத்துல குந்தவச்சீங்க. நான் பேசினா நாலு பேரு கேட்டாங்க. இப்ப வராதன்றீங்க."

நான் திட்ட வந்த வார்த்தை எல்லாம் எங்கே போயிற்றோ. அந்த மனுஷனிடமிருந்து நாற்காலியைப் பிடுங்குவது எனக்கு எளிதாக இருக்கவில்லை. ஆனால் எதிரில் ஒரு பெண் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டும் சேர்ந்து கிடைக்க வழியில்லை.

"தலைவர் நீங்கதான். பள்ளிக்கூடத்துச் சங்கப் பலகையில உங்க பேர் இருக்கட்டும். ஆனா ஒன்பது மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் நீங்க இந்தத் தறியில இருக்கணும். தலைவர் செய்யவேண்டிய வேலை இனிமே இதுதான்."

"இது ஒரு வேலையா?"

அடுப்பு மூலையிலிருந்து குப்பம்மாவின் குரல் வந்தது. "வேலை இல்லைன்னா யாரு செய்யறது? எத்தினி வருசமா செஞ்சிக்கினு இருக்கோம்!" கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மகளை ஒரு தட்டுத் தட்டி எழுப்பிவிட்டு, அவள் இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டாள். "போ, மொகத்தைக் கழுவிக்கினு டீச்சரோட போ."

ஏகாம்பரம் தறியை ஓட்டினார்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் பெற்றோர் ஈடுபாடு என்று நீங்கள் சொல்கிற அந்தச் சமாசாரம் நான் நுழைவதற்கு முன்பே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. மகள் பள்ளியில் இருக்கும் நேரமெல்லாம் அம்மா அவள் இடத்தில் தறியில் இருந்தாள். பிள்ளையை அனுப்பிய வீடுகள் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் அந்தப் பிள்ளையின் வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார். அவர்கள் பள்ளிக்கு வராமல் இருந்ததால்தான் பிள்ளைகள் வந்தார்கள். நான் அதைப் பார்க்காமல், கூட்டத்துக்கு வரவில்லை என்று ஏசினேன். வந்தவரைக் கொண்டாடினேன். உங்களுக்கும் ஒரு ஏகாம்பரம் கிடைப்பார். கிடைத்த அன்றைக்கே அவர் வீட்டில் அவருடைய வேலையை யார் செய்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். குறைந்தபட்சம் அவர் பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்றாவது பாருங்கள். நான் கூலி வாங்கிக்கொண்டு செய்யவேண்டிய வேலை அதுதான். அதைத்தான் செய்யவில்லை.

தனம் நிறைய விட்டுவிட்டிருந்தாள். பின்னமே தெரியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். முதல் வாரம் இரண்டு பேருக்கும் அழுகை வராத குறை. "எனக்குத்தான் வருகை போட்டுட்டாங்களே, அப்புறம் ஏன் டீச்சர் எனக்கு ஒண்ணும் தெரியலை?" என்று ஒருநாள் கேட்டாள். வேண்டுமென்று கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டாள். "நீ கணக்கைப் போடு" என்றேன்.

மாசியில் மேலிடத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. சிறப்பாக நடந்துவந்த பெற்றோர் கூட்டங்கள் திடீரென்று நின்றுபோனது ஏன், விளக்கம் தரவும். வந்து பார்த்துப் பாராட்டிய அதே துணை ஆய்வாளரின் கையெழுத்து. கோயில் திருவிழா என்றோ அம்மை போட்டிருக்கிறது என்றோ எழுதித் தப்பித்திருக்கலாம். ஏற்கெனவே சொன்ன பொய்யே தொண்டையில் நின்றது. "பெற்றோர் தறியில் இருப்பதால் பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள்" என்று ஒற்றை வரியில் எழுதி அனுப்பினேன். அதற்கு அவர்கள், பெற்றோர் ஒத்துழைப்பைப் பெறுவதில் தலைமையாசிரியை ஆர்வம் காட்டவில்லை என்று என் பணிப் பதிவேட்டில் குறித்தார்கள். நான் ஓய்வு பெறும்வரை அது அங்கேயே இருந்தது. போகட்டும்.

தனம் தேர்ச்சி பெற்றாள். யாரும் போட்டுக்கொடுக்காத மார்க்கு. கணக்கில் ஐம்பத்திரண்டுதான், அவளுக்கு அது குறைவு, ஆனால் அவளுடையது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலை நான் அந்தத் தெரு வழியாகத்தான் வந்தேன். எதிரில் தனம் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நிற்கக்கூட இல்லை. "டைம் ஆயிடுச்சி டீச்சர்" என்று ஓடினாள். அவள் வீட்டு வாசலுக்கு வந்தபோது என்னால் எட்டிப்பார்க்காமல் போக முடியவில்லை. தறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருபக்கம் ஏகாம்பரம், மகள் இடத்தில் குப்பம்மா. என் நிழல் பட்டதும் ஏகாம்பரம் தலையை நிமிர்த்தி, "வாங்கம்மா, உள்ள வாங்க, உங்களாண்ட ஒரு விசயம் பேசணும்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லித் தறியை நிறுத்தப் போனார்.

குப்பம்மா தலையைத் தூக்கவில்லை. நாடாவைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்:

"நிக்காதீங்க டீச்சரம்மா, போங்க."

நான் போய்விட்டேன்.